சொல்தா வீட்டு மாப்பிள்ளை

"விசாவை நிறுத்தி வச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன ஃபைலை அப்படியே மேஜைமேல் வைத்தான் அன்பழகன்.

துர்காவின் முகம் விழுந்துவிட்டது. பதினாலு மாதம் காத்திருந்த விசா. பிரான்சில் துலூஸ் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு நர்ஸ் வேலை தயாராக இருக்கிறது. அவளுக்கு அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு. நினைத்தால் நாளைக்கே விமானம் ஏறலாம். புருஷனோடுதான் போவேன் என்று உட்கார்ந்திருந்தாள். செப்டம்பருக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று போன வாரம்தான் அங்கிருந்து மெயில் வந்தது.

"என்ன காரணம் சொன்னாங்க?"

அன்பழகன் தரையைப் பார்த்தான். "என் பொறந்த தேதிதான். பர்த் சர்டிபிகேட்ல ஒன்னு, ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒன்னு இருக்குதாம்."

ஈசிசேரில் இருந்த நாராயணசாமி பேப்பரை மடித்தார்.

துர்காவின் அப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்க்குப் புதுச்சேரியில் 'சொல்தா' என்று பேர்; மூலக்குளத்தில் 'சொல்தா வீடு' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். பட்டாளத்தை விட்டு முப்பது வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாப்பாட்டுக்கு மணி அடிக்காத குறை. எழுதினால்கூட பிரெஞ்சுக்காரன் மாதிரி ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அதைப் பார்த்துப் பழகிய துர்காவும் பள்ளிக்கூடத்தில் அப்படியே எழுதி, கணக்கு டீச்சரிடம் குட்டு வாங்கியிருக்கிறாள்.

மாப்பிள்ளை அன்பழகன் அரியாங்குப்பத்துப் பையன். நோணாங்குப்பம் போட் ஹவுசில் படகு ஓட்டுகிறவன். காதல் கல்யாணம். பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பார்த்து வலை போட்டவன் என்று தெருவே பேசியது. தெருவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நாராயணசாமிதான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

மற்ற நாளில் "மாப்ள, நீங்க" என்பவர் அன்றைக்கு ஒருமையில் இறங்கினார்.

"பொறந்த தேதியைக் கூட ஒழுங்கா வச்சிக்கத் தெரியாதவன் நீ. என் பொண்ணு வாழ்க்கையை இப்படி நடுவுல நிறுத்திட்டியே."

அதோடு விடவில்லை. கால் மணி நேரம் திட்டினார். படகுத் துடுப்பைத் தவிர வேறென்ன தெரியும் என்றார். ஆரம்பத்திலேயே தன் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று மகளிடமும் சொன்னார். அன்பழகன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு, குற்றம் செய்தவன் நிற்கிற மாதிரியேதான் இருந்தது.

துர்காவுக்கும் ஆத்திரம்தான். இதைப் போன வருஷமே பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

"சர்டிபிகேட்டை நான் சரி பண்ணிடறேன்" என்றான் அன்பழகன். "கான்சுலேட்ல இன்னொன்னும் கேட்டாங்க. நாம ரெண்டு பேரும் ஒழுங்கா குடும்பம் நடத்துறோம்னு, பொண்ணோட அப்பா கைப்பட ஒரு லெட்டர் தரணுமாம். நாளைக்கு நீயும் வரணும்."

நாராயணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அவருக்கு ஒரே பெண். மனைவி போய் ஆறு வருஷம். கூடவே வந்துவிடுங்கள் என்று மகள் பலமுறை கூப்பிட்டாள். அந்தக் குளிர் இனிமேல் உடம்புக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார். "எவனோ ஒரு கெழவனுக்குச் சோறு ஊட்ட அவ்ளோ தூரம் போறா" என்று பக்கத்து வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு அவருக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

"எழுதிக் குடுங்கப்பா" என்றாள் துர்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மகள் முகத்தைப் பார்த்து மறுக்க அவரால் முடியவில்லை. பேனாவை எடுத்தார். அவருக்குக் காபி போட துர்கா அடுப்படிக்குப் போனாள். அன்பழகன் மாமனாரின் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பிரெஞ்சில் நாலு வரி எழுதியதும் கல்யாண தேதி வந்தது. 27-7-2022. இரண்டு ஏழுக்கும் கை தானாகவே குறுக்கே கோடு இழுத்தது.

அன்பழகன் மெல்லக் காகிதத்தின்மேல் கை வைத்தான்.

"அந்தக் கோடு வேணாம் மாமா."

"ஏன்? பட்டாளத்துல பழகுன கை."

அன்பழகன் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"என் சர்டிபிகேட்ல ஒரு தப்பும் இல்ல மாமா. விசாவுக்காகத்தான் நான் துர்காவைக் கட்டிக்கிட்டேன்னு ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கு. ஆபீஸர் எடுத்துக் காட்டினாரு. யார் எழுதுனது, தெரியுமான்னு கேட்டாரு. தெரியாதுன்னுட்டு வந்துட்டேன்."

நாராயணசாமியின் பேனா அசையவில்லை.

"அதுலயும் கல்யாண தேதி இருந்துச்சு. கையெழுத்தை மாத்தி எழுதியிருந்தாலும் ஏழுக்கு இதே மாதிரி கோடு. ரெண்டும் ஒரே ஃபைலுக்குள்ளதான் இருக்கப்போவுது. நாளைக்குப் பக்கத்துல பக்கத்துல வச்சு துர்காகிட்ட கேட்டாங்கன்னா, அவ தாங்க மாட்டா."

அவன் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர்முன் வைத்தான்.

"காபி வர்றதுக்குள்ள, கோடு இல்லாம இதுல எழுதிடுங்க மாமா."