முன்னால் ஒரு மைனஸ்

அந்தப் பெண் முதலில் தட்டியது புருஷன் இருக்கும் ஊரின் பெயரை.

"அந்த ஊர்லதான் வேலை வேணுமாம்மா?" என்றார் இன்டர்நெட் கடைக்காரர். அடுத்தவர் தட்டுவதை எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"ஐயோ, வேண்டாம்ணே. பேருக்கு முன்னாடி மைனஸ் போட்டிருக்கேன் பாருங்க. அந்த ஊரு வேலை ஒண்ணுகூட வராது."

இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. 'போறதுன்னா நீ போ, பாப்பா இங்கதான் இருக்கும்' என்று அவன் சொன்ன மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள். இப்போது தோழி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். அங்கேயும் முகம் சுளிக்க ஆரம்பித்தாயிற்று.

'தையல்' என்று தட்டினாள். பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. 'தங்க இடம் உண்டு' என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டாள். பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. 'குழந்தையுடன் வரலாம்' என்பதையும் அதேபோல் போட்டாள்.

"அது எதுக்கு ரெண்டு பக்கமும் கொம்பு?"

"அந்த வார்த்தை அப்படியே இருக்கறது மட்டும்தான் வரும்ணே. அவருக்கு வேலை போனப்ப ரெண்டு பேரும் உக்காந்து இப்படித்தான் தேடுவோம்."

மிஞ்சியது ஒன்றே ஒன்று. வேறு ஊர், அரைநாள் பஸ் தூரம். புருஷன் பெயர் கேட்கவில்லை, போட்டோ கேட்கவில்லை, பழைய முதலாளி யாரென்றும் கேட்கவில்லை.

"உனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கேம்மா!" என்றார் கடைக்காரர்.

அளவு அவ்வளவு சரியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அவள் சந்தோஷப்பட்டாள்.

போனில் ஒரு பெண் குரல். "நாளைக்கே வாம்மா. பாப்பாவையும் கூட்டிட்டு வா, எங்கயும் விட்டுட்டு வந்துடாத."

நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்த விலாசத்தில் ஒரு நடுவயது அம்மாள் கதவைத் திறந்தாள். முன்னறையில் தையல் மிஷின் ஒன்று இருந்தது. அதன் மேல் தூசி படிந்திருந்தது, ஊசியில் நூல் இல்லை.

"உக்காரு, முதலாளி வருவாரு," என்றவள் வெளியே போனாள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளறைத் திரை விலகியது.

"நீ என்னென்ன வார்த்தை போட்டுத் தேடுவேன்னு எனக்குத் தெரியாதா? பாப்பாவை இப்படிக் குடு."