மதிய ஊசி

"நர்ஸ் வேணும்னு எல்லா பேரன்ட்ஸும் கேக்கறாங்க. உங்க பொண்ணுக்குத்தான் முதல்ல தேவை. நீங்களே வேணாம்னா எப்படிம்மா?" என்றார் செம்பாக்கம் பள்ளியின் தலைமை ஆசிரியை.

பெற்றோர் கூட்டத்தில் ஷபீனா எழுந்து நின்றாள். "எட்டு வயசுலயே அவளுக்குச் சர்க்கரை மேடம். வேற யார் ஊசி போட்டாலும் தாங்க மாட்டா. மத்தியானம் சாப்பிடறதுக்கு முன்னாடி நானே வந்து இன்சுலின் போட்டுட்டுப் போறேன். இத்தனை நாளும் அப்படித்தானே நடக்குது?"

மற்ற பெற்றோர் விடவில்லை. அடுத்த மாதமே வசுமதி என்ற நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள்.

முதல் நாள், "நீ போகாத, பழகிக்கட்டும்" என்று கணவன் ஜமீர் தடுத்தும் கேளாமல், ஷபீனா மதியம் பள்ளிக்கு ஓடினாள். நர்ஸ் அறையில் மகள் நிகத் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊசி போட்டாச்சா சிஸ்டர்?"

"ஆச்சுங்க."

"அழுதாளா?"

"நான் எங்க போட்டேன்? மருந்து அளவு சரியா இருக்கான்னு மட்டும் பக்கத்துல நின்னு பார்த்தேன். அவளே போட்டுக்கிட்டா. நீங்க போடறதைப் பார்த்தே கத்துக்கிட்டாளாம்."

ஷபீனா மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் பெற்ற பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தச் சின்ன விரல்களைத் தொடக்கூட அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

"தெரியும்னா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

நிகத் வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள்.

"சொல்லியிருந்தா, மத்தியானம் நீ வந்திருக்க மாட்டியே."