ஆறு மணிக் கையெழுத்து

சரியாக ஆறு மணிக்கு உள்ளே வந்த மனிதரின் தொப்பியில் பச்சை நிறத்தில் ஒரு கஞ்சா இலை இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் மேசைக்குப் போனார். பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டில் ஏதோ எழுதினார்.

வந்தது போலவே தனியாகத் திரும்பினார். வாசல் கதவைத் திறந்து, அதைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பனிக்காற்று கூடத்துக்குள் புகுந்தது.

“ஐயோ, கதவச் சாத்துங்க அங்கிள்! என் பீட்சா ஐஸ்கிரீமா ஆகிடும்!” என்று ஒரு சிறுமி கத்தினாள்.

அவர் தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூலை நாற்காலியிலிருந்து வெர்னா டால்பர்ட் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவட்ட அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்தவள் அவள். வந்து போனவரையும் அவளுக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் அரசு உரிமத்தோடு நடக்கும் கஞ்சாக் கடையின் முதலாளி, டீன் ராய்ஸ்.

அவருடையதைப் போன்ற கடைகள் கட்டும் வரியிலிருந்துதான் இந்த இளைஞர் மையத்துக்கு மானியம் போகிறது. பள்ளி விட்டதும் தெருவில் திரியாமல் பிள்ளைகள் இங்கே வந்து சாப்பிட்டு, படித்து, பந்து விளையாடிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பணத்தைச் சாலை போடக் கொடுங்கள் என்று கவுன்சிலில் பாதிப் பேர் நச்சரிக்கிறார்கள். ஒரே ஒரு பொய்ப் பெயர் சிக்கினாலும் மையத்தை மூடிவிடுவார்கள்.

போன மாதம் அப்படி ஒரு மையத்தை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் வெர்னாதான். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

எழுந்து போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். ‘நோலன் ராய்ஸ், வயது 14. அழைத்துச் செல்பவர்: தந்தை’ என்று இருந்தது. பக்கத்திலேயே கையெழுத்து. பையன் வந்த நேரம் மட்டும் எழுதப்படவில்லை. பின்னோக்கிப் புரட்டினாள். நேற்றும் அப்படித்தான், போன வாரமும் அப்படித்தான்.

“இனெஸ், கொஞ்சம் இங்க வாங்க.”

மையத்தை நடத்தும் இனெஸ் பாக்கா கையில் பீட்சாப் பெட்டியோடு வந்தாள்.

“யாரு இந்த நோலன்?”

இனெஸின் முகம் மாறியது. “அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்க மேடம்.”

“விடறதா? நான் வந்ததே வரி வரியாப் பாக்கத்தான்.”

“பிள்ளைங்க காதுல விழ வேணாம். உள்ள வாங்க.”

பந்துகளும் மடக்கு நாற்காலிகளும் அடைத்துக் கிடந்த சின்ன அறைக்குள் போனதும் வெர்னா பதிவேட்டை விரித்தாள்.

“தினம் ஆறு மணிக்கு வந்து பையனக் கூட்டிட்டுப் போனதா எழுதறார். இப்பக்கூடப் பாத்தேன். கூடப் போனது யாரு, காத்தா?”

வெர்னா காலியாக இருந்த கட்டத்தைத் தட்டிக் காட்டினாள்.

“வந்த நேரமே இல்ல. அந்தப் பையன் இங்க காலே வைக்கறதில்ல, அப்படித்தானே?”

“ஆமா.”

வெர்னா திகைத்துப் போனாள். “ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதாம்மா? கடைக்காரரும் நீங்களும் சேந்து ஆள் கணக்க ஏத்தறீங்கன்னு நாளைக்கே பேப்பர்ல போடுவான். வெளிய உக்காந்து பீட்சா தின்னுட்டிருக்கே, அதுங்கல்லாம் அப்புறம் எங்க போகும்? நானா போய்ச் சோறு போடுவேன்?”

“மாவட்டத்துக்கு நாங்க எத்தனை பேருன்னு எழுதிக் குடுத்தோம், அதப் பாருங்க.”

வெர்னா பையிலிருந்து கோப்பை எடுத்தாள். முப்பத்தொரு பிள்ளைகள் என்று இருந்தது. பதிவேட்டில் இன்றைய பெயர்களை விரல் வைத்து எண்ணினாள். முப்பத்திரண்டு வந்தது. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினாள். நோலனை விட்டுவிட்டால் சரியாக இருந்தது.

“ஒரு நாளும் நாங்க அவன சேத்து எழுதினதில்ல மேடம். அவன் பேரச் சொல்லி ஒரு சென்ட் காசு வாங்கல.”

வெர்னாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மையம் பிழைத்தது. மூச்சோடு கோபமும் சேர்ந்து வந்தது.

“அப்ப எதுக்கு இந்தக் கூத்து? என் உயிரே போயிருச்சு.” அலமாரியிலிருந்து போன வருடத்துப் பதிவேட்டை உருவி, இதே தேதிப் பக்கத்தைத் திறந்து இதன் பக்கத்தில் வைத்தாள். “சரி, எழுதறதத்தான் எழுதறார், ஒழுங்கா எழுதக்கூடாதா? இங்க பாருங்க. மத்த பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரு வயசு கூடியிருக்கு. நோலனுக்கு மட்டும் அப்பவும் பதினாலு, இப்பவும் பதினாலு. பெத்த பிள்ளையோட வயசக்கூடவா ஒரு அப்பனுக்குச் சரியா எழுதத் தெரியாது?”

இனெஸ் பீட்சாப் பெட்டியை நாற்காலிமேல் வைத்தாள். திறந்திருந்த அறைவாசல் வழியே கூடத்தின் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவனுக்கு இனிமே வயசு ஏறாது மேடம்.”