ஹாரன் வயர்

“பதினேழு வருஷ வண்டி இது. நீ ஆபீஸ் போய்வரப் புதுசா ஒண்ணு வாங்கலாம்னா, ஏன் வேண்டாங்கறே?”

“இருக்கட்டும்ங்க, பாவம்.”

“அவர் வாங்கின வண்டி. அதானே?”

இறந்துபோன அவளுடைய முதல் கணவரைத்தான் சொன்னான். செத்தவரோடு போட்டி போட்டு யாரால் ஜெயிக்க முடியும்?

அவள் கேட்டாள்: “அவர் போனதுக்கப்புறம் இதை உங்க பட்டறைக்கு எத்தனை தடவ கொண்டுவந்தேன்?”

“வாராவாரம். எப்பவும் ஹாரன் வயர்தான் கழண்டிருக்கும், மாட்டிக் கொடுப்பேன். ஏன் கழலுதுன்னு கடைசிவரைக்கும் பிடிபடல.”

“நம்ம கல்யாணத்துக்கப்புறம் கழண்டுச்சா?”

யோசித்தான். “இல்லையே!”

“இருபது வருஷ மெக்கானிக்காம்! நானே கழட்டிட்டு வந்ததைக் கண்டுபிடிக்கத் தெரியல. உங்களை எனக்குக் கட்டிவச்ச வண்டியை எப்படிங்க விப்பேன்?”

அவன் எழுந்துபோய், அந்தக் கிழட்டு வண்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.