பக்கத்துக் கட்டிலின் அழுகை

மறுபடியும் அந்தப் பையன் அழுதான்.

மகள் கெசியாவின் முழங்காலைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

பக்கத்துக் கட்டில். இசக்கிக்கு ஆறு வயது. மொட்டை மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவன். தொடையில் ஒட்டிய பட்டைகளில் கரண்ட் ஏறியதும், "எம்மா, வலிக்கு!" என்று தெரபி அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"வலிச்சா நல்லதுதான் தம்பி. உணர்ச்சி திரும்புதுல்லா!" என்றார் தெரபி பார்க்கும் பெனிட்டா மேடம்.

எல்லாரும் கை தட்டினார்கள்.

அவள் தட்டவில்லை.

கெசியாவுக்கும் அதே மெஷின்தான். அதே பட்டைகள்தான். ஸ்கூல் வேன் கவிழ்ந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் வைத்தால் தொடைத் தசை துள்ளும். யாருடைய காலையோ வேடிக்கை பார்ப்பதுபோல் கெசியா அதைப் பார்ப்பாள். சிரிப்பாள்.

இத்தனைக்கும் இசக்கி கெசியாவுக்குப் பிறகு வந்து சேர்ந்தவன்.

"எப்பிடிக்கா ஒங்க பிள்ள மட்டும் அழவே மாட்டேங்கு?" இசக்கியின் அம்மா பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கொடுத்து வச்சவ நீங்க."

பேச்சி நீட்டிய முறுக்கை அவள், வயிறு சரியில்லை என்று மறுத்துவிட்டாள்.

வீட்டில் ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் அந்த அழுகைதான் காதில் வந்து நின்றது.

என் பிள்ளைக்கும் வலியைக் கொடும் ஆண்டவரே.

அந்தப் பையனுக்கு மட்டும்...

அந்த ஜெபத்தை அவள் முடிக்கவில்லை. ஆமென் சொல்லி எழுந்துவிட்டாள்.

ஒரு நாள் காலில் போர்த்தியிருந்த துண்டுக்கு அடியில் கைவிட்டு மகளின் கெண்டைக்காலைக் கிள்ளினாள். நகம் பதியும்வரை கிள்ளினாள். கெசியா டிவியில் பூனை எலியைத் துரத்துவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிவந்த இடத்தில் எண்ணெய் தடவிவிட்டாள். வெகுநேரம் தடவினாள்.

அடுத்த வாரம் இசக்கியின் கால் கட்டைவிரல் அசைந்தது.

பேச்சி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள். அவள் மரம் மாதிரி நின்றாள். பேச்சியின் தோளுக்கு மேலே, கட்டிலில் சாய்ந்திருந்த கெசியா அம்மாவின் முகத்தையே பார்ப்பது தெரிந்தது.

அவள் அவசரமாகச் சிரித்தாள்.

பெனிட்டா மேடம் கெசியாவிடம் வந்தார். பட்டைகளை ஒட்டினார். வயரைச் சொருகக் குனிந்தார்.

"எம்மா!"

கெசியா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"வலிக்கும்மா. ரொம்ப வலிக்கு."

அவள் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

"மேடம், கேட்டீங்களா? எம்பிள்ளைக்கு வலிக்காம்! ஏ பேச்சி, கேட்டியா? எம்பிள்ளைக்கும் வலிக்காம்!"

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். பேச்சி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

பெனிட்டா மேடம் மெல்ல நிமிர்ந்தார். வயர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"நான் இன்னும் ஆன் பண்ணலியேம்மா."

பேச்சி கூப்பிய கையை இறக்கினாள்.

கெசியா அம்மாவின் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். காதோரம் கேட்டாள்.

"இன்னும் சத்தமா அழணுமாம்மா?"

மேடம் வயரைச் சொருகி, குமிழைத் திருகினார். தொடைத் தசை துள்ளியது. அடங்கியது. மறுபடி துள்ளியது.

கெசியா அதைப் பார்க்கவில்லை. அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.