கண்ணில்லாத பாதி

விதைக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கை அவசரத்தில் கோணலாக வெட்டிவிட்டார்கள். முளைக்கிற கண்ணெல்லாம் ஒரு பாதிக்கே போய்விட்டது, மற்றப் பாதி மொட்டை. இரண்டையும் சாம்பலில் புரட்டி அருகருகே புதைத்தார்கள்.

பனி விலகியதும் கண்ணுள்ள பாதி முளைவிட்டது.

"எனக்கு எப்பக்கா?" என்று கேட்டது மொட்டைப் பாதி.

"பொறுடி. நீ எப்பவும் சோம்பேறிதானே."

தினமும் அதே கேள்வி. ஒருநாள் தங்கையின் குரல் தொளதொளத்தது, அழுகல் வாடை வந்தது.

"உனக்கும் முளைச்சிருச்சுடி. ரெண்டு இலை விட்டிருக்கு" என்றது அக்கா.

"பின்னே ஏன்க்கா எனக்கு வெயிலே உறைக்கல?"

"இன்னிக்கு மேகம்."

"சரி, நாளைக்குப் பார்ப்போம்."

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. தங்கை எதுவும் கேட்கவில்லை. அக்கா தானாகவே, "இன்னிக்கும் மேகம்தான்டி" என்று சொல்லிவைத்தது.