ஒன்றாம் அறைக்கான கோழி

"ஒன்னாம் ரூம்ல நீ இல்லப்பா," என்றார் நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடும் விடுதிச் சமையல்காரர் சுப்ஹி, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நோன்பு திறக்க ஆறு நிமிடம் இருந்தது. எகிப்தின் அஸ்யூத் நகரத்து வெயிலில் காய்ந்த விடுதி மொத்தமும் எனக்குப் பின்னால் தட்டோடு நின்றது.

"அப்ப யாரு இருக்கா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "'ஜன்னல் திறந்திருக்கிறது'ன்னு ஒருத்தர்."

வரிசை சிரித்தது. பதினான்கு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காதவர்களுக்கு இவ்வளவு சிரிப்பு ஆகாது.

"அவரை வரச் சொல்லு, தரேன். பட்டியல்ல இல்லாதவனுக்குக் கோழி போட்டா வார்டன் என்னை உரிச்சிடுவாரு."

பட்டியலுக்கான கணினி நிரலை எழுதியவன் ரஃபத். எனக்கு அடுத்து நின்றான். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு.

"ஏ கழுதை, ஒரு சோத்துப் பட்டியலைக்கூட உருப்படியா எழுதத் தெரியாதாடா ஒனக்கு?"

"வாய மூடுறா லுத்பி. எழுதினவன் மேல பழி போடாட்டி ஒனக்கு நோன்பே திறக்காதே."

சொல்லிக்கொண்டே பரிமாறும் ஜன்னலுக்குள் கையை விட்டு விசைப்பலகையை இழுத்தான். திரையில் அவனுடைய 'அகராதி' விரிந்தது; நிரலில் இப்படிப்பட்ட பட்டியலுக்கு அதுதான் பெயர். அறை எண்தான் சாவி, தங்குபவன் பெயர் உள்ளே. ஒன்று முதல் எண்பது வரை எல்லாம் சரி. ஒன்றுக்கு நேராக என் பெயர்கூட இருந்தது.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. சாவி: ட்ரூ, அதாவது 'உண்மை'. உள்ளே: 'ஜன்னல் திறந்திருக்கிறது'.

"இது எவன் சேத்தது?" என்றான் ரஃபத்.

யார் வேண்டுமானாலும் சேர்த்திருக்கலாம். கடவுச்சொல் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தது.

"சேத்தா என்ன, அது வேற சாவி. ஒன்னாம் நம்பரை இது ஏன் தொடணும்?" நெற்றியைத் தேய்த்தான். பிறகு, இரண்டு வருடத்தில் முதல்முறையாக, திட்டாமல் கேட்டான். "லுத்பி, ஒனக்கு ஏதாவது புரியுதா?"

புரிந்தது. அகராதி எந்தச் சாவியையும் வாங்கிக்கொள்ளும். எண், எழுத்து, ட்ரூ, எதையும். ஆனால் ட்ரூவை அது எண் 1 ஆகவே கணக்கிடும்; இரண்டும் அதற்கு ஒரே சாவி. பின்னால் வருவது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு வரியை நீக்கினால் அரை நிமிடத்தில் என் தட்டில் கோழி.

பாங்கு ஒலித்தது. யாரோ என் கையில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தார்கள். தட்டுகள் என்னைத் தாண்டிப் போயின.

"எனக்கென்னடா தெரியும்? ஒன் குப்பை, நீயே கிளறு," என்றேன்.

ரஃபத் தன் கோழியை வாங்கிக்கொண்டு போனான்.

இன்று விடிகாலை நான் அந்த வரியைச் சேர்த்தபோது ஒன்றாம் அறையில் இருந்தவன் அவன்தான். பால்கனி வைத்த அந்த அறையை எனக்கு மாற்றித் தரும்படி ஒரு மாதமாக நான் கொடுத்துக்கொண்டிருந்த மனுவில், வார்டன் காலை பத்து மணிக்குத்தான் கையெழுத்துப் போட்டார்.